எஞ்சி நின்ற வாயில்கள்



எங்கள் ஊர் காயல்பட்டினம். ஊருக்கு வடக்கே, தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்தில், புன்னைக்காயல் இருக்கிறது. தெற்கே திருச்செந்தூர். இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் பிறந்து வளர்ந்து, இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கே வரலாறு கற்பித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். பழைய படைக் காவலிடங்கள் பிற்காலத்தில் என்ன ஆயின என்பதைப் பற்றி இன்று சில செய்திகள் சொல்ல விரும்புகிறேன். முதலில் என் ஊருக்கு இரு புறத்திலும் நடந்தவற்றைச் சொல்கிறேன்.

பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறை போர்த்துக்கீசியர் கையில் இருந்தது. அவர்கள் புன்னைக்காயலில் ஒரு மண்கோட்டை எழுப்பிக் காவற்படை வைத்திருந்தார்கள். 1553-ஆம் ஆண்டில் அது கடல்வழி வந்த எதிரிகளால் தாக்கப்பட்டு வீழ்ந்தது. இன்று அவ்வூருக்குப் போய்க் கோட்டை எங்கே என்று கேட்டால், சுட்டிக் காட்டுவதற்கு ஒரு சுவரும் கிடையாது.

திருச்செந்தூரில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. 1640-களின் பிற்பகுதியில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், அங்கே இறங்கிக் கடற்கரைக் கோயிலையே கோட்டையாக ஆக்கிக்கொண்டு தங்கினார்கள். கல் மதில், உயர்ந்த வாயில், உள்ளே நல்ல தண்ணீர். ஒரு படைக்கு வேறென்ன வேண்டும்? போகும்போது திருவுருவங்களையும் எடுத்துச் சென்றார்கள். அவை பின்னர் மீண்டு வந்தன என்பது நீங்கள் அறிந்த செய்தி. படை போயிற்று, கோயில் கோயிலாகவே நின்றது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1801-ஆம் ஆண்டுப் பாளையக்காரர் போரிலும் இதுபோல் நடந்தது. ஆற்றங்கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டம் கோயிலில் கும்பினியாரின் சிறு காவற்படை ஒன்று புகுந்து இருந்துகொண்டது. பாளையக்காரரின் ஆட்கள் அதை முற்றுகையிட்டார்கள். இன்று அக்கோயிலில் வணங்கி வருகிறவர்களுள் எத்தனை பேர் அதை ஒரு போர்க்களமாக நினைத்துப் பார்க்கிறார்கள்?

ஆகவே, படைக்கென்று கட்டிய கோட்டை இருந்த இடம் தெரியாமல் மறைந்தது. படைக்கென்று கட்டாத கட்டடம், படை தங்கிய பிறகும் நிலைத்தது. இது ஏன் என்ற கேள்வி என் மனத்தில் எழுவதற்கு வெகுகாலம் ஆயிற்று. அதற்குக் காரணமானது ஒரு வாடகைச் சைக்கிள்.

நான் ஆசிரியர் பயிற்சி பெற்றது பாளையங்கோட்டையில். 1980-ஐ ஒட்டிய ஆண்டு அது. ஒரு நாள் மாலை, வாடகைக்கு எடுத்த சைக்கிளைப் புத்தகக் கடை வாயிலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன்; திரும்பி வந்தபோது சைக்கிள் இல்லை. நண்பர்கள் என்னை மேடைப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னார்கள். பாளையங்கோட்டையில் யாரைக் கேட்டாலும் அந்தப் பெயர் தெரியும். தெருமட்டத்திலிருந்து உயர்ந்து மேடைபோல் நிற்கும் கட்டடம். அதைத் தினமும் இருமுறை கடந்து போனவன்தான் நான், நிமிர்ந்து பார்த்ததில்லை.

உள்ளே ஒரு மூத்த காவலர் என் புகாரை எழுதிக்கொண்டார். அவர் எழுதும்வரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சன்னல் திட்டின் ஆழத்தில் ஒரு ஆள் படுத்துக்கொள்ளலாம் போல் இருந்தது. அவர் என் பார்வையைக் கவனித்துவிட்டு, "என்ன தம்பி பாக்கிறீங்க? இது பழைய கோட்டை வாசல். ஊமைத்துரையை அடைச்சு வச்சிருந்த கோட்டை இதுதான்" என்றார். வரலாறு கற்பிக்கப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த எனக்கு, வரலாறு எது என்பதை ஒரு காவலர் சொல்லித் தர வேண்டியிருந்தது. சைக்கிள் கிடைக்கவில்லை. அதன் விலையைக் கடைக்காரருக்கு மூன்று மாதத் தவணையில் கொடுத்துத் தீர்த்தேன்.

அந்தக் காவலர் சொன்னது உண்மை. பாளையங்கோட்டை என்ற பெயரிலேயே பாளையமும் இருக்கிறது, கோட்டையும் இருக்கிறது. பாளையம் என்றால் படை இறங்கித் தங்கும் இடம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கும்பினியின் படைக்குத் தென்கோடியில் இதுவே தலைமையிடமாக இருந்தது. 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பின், அவர் தம்பி ஊமைத்துரையையும் உறவினரையும் இக்கோட்டையில்தான் சிறை வைத்தார்கள். 1801 பிப்ரவரி 2-ஆம் நாள் மாறுவேடத்தில் வந்த துணைவர்களின் உதவியால் அவர்கள் தப்பிப் போனார்கள். அதன் பின்னர் நடந்த போர் நம் நாட்டு விடுதலை வரலாற்றில் ஒரு பெரும் பகுதி.

அந்தக் கோட்டையின் மதில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இடிக்கப்பட்டுவிட்டது. ஊர் வளர்ந்தது, படை குறைந்தது, பள்ளிகளும் கல்லூரிகளும் பெருகின. ஆனால் மேற்கு வாயில் நின்றது. அதில் நெடுங்காலம் காவல் நிலையம் இருந்தது. இங்கே ஒரு சொல்லை நினைவூட்டுகிறேன். உங்கள் பாட்டனார்கள் போலீஸ்காரரை 'டாணாக்காரன்' என்பார்கள். டாணா என்பது வடக்கேயிருந்து வந்த 'தாணா' என்னும் சொல். நவாபு ஆட்சிக் காலத்தில் படைவீரர் சிலர் தங்கிய காவலிடத்துக்கு அந்தப் பெயர். 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்கு ஒழுங்கான போலீஸ் துறை ஏற்பட்டது. அதற்கு முன் நம் சீமையில் தலக்காவல், திசைக்காவல் என்று வழங்கிய பழைய முறை மறைந்து போயிற்று. சொல்லும் மாறாமல், வேலையும் ஏறக்குறைய மாறாமல், ஆள் மட்டும் மாறினான்: சிப்பாய் இருந்த இடத்தில் கான்ஸ்டபிள் வந்து உட்கார்ந்தார். மேடைப் போலீஸ் ஸ்டேஷன் அந்த மாற்றத்தின் கல் வடிவம்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ஏன் மதில் போயிற்று, ஏன் வாயில் நின்றது?

கோட்டை வாயில் என்றால் வெறும் கதவு என்று எண்ணிவிடாதீர்கள். யானையைக் கொண்டு கதவை முட்டிப் பிளப்பது பழைய போர்முறை. யானை ஓடி வந்து முட்டுவதற்கு நேர்வழி வேண்டும். ஆகையால் வாயிலின் வழியை நேராக விடாமல், உள்ளே ஒரு முறையாவது வளைத்துத் திருப்புவார்கள். திருப்பத்தின் இரு பக்கமும் காவலர் இருக்கத் திண்ணைகள்; திண்ணைக்குப் பின்னே அறைகள்; அறைகளுக்கு மேலே முரசும் கொடியும் வைக்க ஒரு தளம். இவ்வாறு, கோட்டை முழுவதிலும் கூரையோடு கூடிய அறை உள்ள பகுதி வாயில்தான். மதிலோ எவ்வளவு பருமனாக இருந்தாலும் வெறும் சுவர். அதற்குள் யாரும் குடியிருக்க முடியாது. அதன்மேல் யாருக்கும் வேலை இல்லை. போர் ஓய்ந்த மறுநாளே அது காற்றை மறிக்கிற ஒரு தடை, இலவசமாகக் கிடைக்கிற ஒரு கற்குவியல். வாயிலில் அறை இருக்கிறது. அறையில் ஒருவர் வந்து உட்காரலாம். உட்கார்ந்தவர் ஒழுகுகிற இடத்தில் ஓடு மாற்றுவார், வெடித்த இடத்தில் சுண்ணாம்பு பூசுவார். அந்தச் சிறு பராமரிப்பே கட்டடத்தின் ஆயுள்.

இது என் ஊகம் மட்டும் அன்று. மதுரைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே 1840-களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். ஒரு நகரத்தின் மதிலை இடிக்கச் சர்க்காருக்கு எவ்வளவு கூலி ஆகும் என்று நினைக்கிறீர்கள்? அவர் ஒரு தந்திரம் செய்தார். எவர் எந்தப் பகுதியை இடித்து நிரவுகிறாரோ, அந்த மனை அவருக்கே என்று அறிவித்தார். மக்கள் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். அந்த வேலையில் உடனிருந்த அளவையாளர்களின் பெயரால் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் வழங்குகின்றன. மதில் இருந்த இடம் தெருவாயிற்று. அகழிக்கு அப்பால் வெளி வீதிகள். ஆனால் மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே பழைய கோட்டையின் வாயில் ஒன்று நிற்கிறது. அதன் பெயர் என்ன தெரியுமா? விட்டவாசல். இடிக்காமல் விட்ட வாசல்! மக்கள் வைக்கும் பெயரில் உள்ள நேர்மையைப் பாருங்கள்.

திருச்சிராப்பள்ளியிலும் இதே கதை. மலைக்கோட்டையைச் சூழ்ந்திருந்த மதிலும் அகழியும் போய்விட்டன. மேற்கு வாயில் நிற்கிறது. கும்பினிப் படையின் தலைமைக் காவல் இருந்த இடமாதலின் அதற்கு 'மெயின்கார்டு கேட்' என்று பெயர். இன்று அங்கே காய்கறி வாங்கப் போகிறவரும் பஸ் ஏறப் போகிறவரும் அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழ்ச்சொல் போலவே வழங்குகிறார்கள். காவலும் இல்லை, கார்டும் இல்லை. பெயரும் வளைவும் இருக்கின்றன.

சென்னையின் செயின்ட் ஜார்ஜ் கோட்டை 1640-இல் தொடங்கியது. மதில் உட்பட நின்ற ஒன்று அது. ஏன் நின்றது? அதனுள் ஆட்சி இருந்தது, இருக்கிறது. தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் கோட்டைக்குள் இயங்கின. 1948 முதல் ஓர் அருங்காட்சியகமும் உண்டு. 'கோட்டைக்குப் போகிறார்' என்றால் மந்திரியாகிறார் என்று நம் மக்கள் பொருள் கொள்வதற்குக் காரணம் அதுவே. இதைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் என் சீமைக்குத் திரும்புகிறேன்.

தலைமையாசிரியனாவதற்கு முன் ஓராண்டு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பாஞ்சாலங்குறிச்சிக்கு அழைத்துப் போனேன். அங்கே அழகான ஒரு கோட்டை இருக்கிறது, கொடி பறக்கிறது, உள்ளே கட்டபொம்மனின் சிலையும் போர்க் காட்சிகளின் ஓவியங்களும் உள்ளன. நானும் பிள்ளைகளை வாயிலில் வரிசையாக நிறுத்தி, "இதுதான் வெள்ளையனை எதிர்த்து நின்ற கோட்டை" என்று முழங்கினேன். ஒரு மாணவன் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஸார், இது சிமெண்ட் மாதிரி இருக்கே, பழைய கோட்டை எங்கே?" என்று கேட்டான். எனக்கு முகம் சிவந்தது. ஏனென்றால் அவன் கேட்டதே சரி. அந்தக் கோட்டை 1974-ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுப்பிய நினைவுச் சின்னம். உண்மையான கோட்டை அதன் அருகே மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது. அந்த அடிச்சுவர் எச்சங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. நான் இதை அறியாதவன் அல்லேன். விளக்கினால் நேரமாகும் என்று சோம்பிச் சொல்லாமல் விட்டேன். ஆசிரியன் செய்யக்கூடாத பிழை அது. அன்றே பிள்ளைகளிடம் ஒப்புக்கொண்டேன்.

அந்த மண் கோட்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1801-ஆம் ஆண்டுப் போரில் கும்பினிப் படையோடு இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி அதனைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். ஏறக்குறைய 500 அடி நீளம், 300 அடி அகலம், 12 அடி உயரமுள்ள சுவர், முழுவதும் மண், வெளியே முள்வேலி. இவ்வளவுதான். 1799-இல் ஒரு முறை வீழ்ந்த அந்தக் கோட்டையை, ஊமைத்துரை பாளையங்கோட்டையிலிருந்து தப்பி வந்தபின் சில நாள்களில் மக்கள் திரண்டு மீண்டும் எழுப்பினார்கள். 1801 மார்ச் 31-ஆம் நாள் கும்பினிப் படை பீரங்கியோடு தாக்கித் தோற்றுத் திரும்பியது. பின்னர் மேலும் படையும் பெரும் பீரங்கிகளும் வந்து சேர்ந்தபின், மே 24-ஆம் நாளில்தான் கர்னல் அக்னியூ அதைப் பிடிக்க முடிந்தது.

பீரங்கிக்கு மண் சுவர் எப்படி நின்றது என்று நீங்கள் கேட்கலாம். கருங்கல் கெட்டியானது, ஆனால் நொறுங்கும். குண்டு பட்டால் அதிர்ச்சி கல் முழுவதும் பரவி விரிசல் ஓடுகிறது. ஒரு கல் பெயர்ந்தால் மேலுள்ள கற்கள் சரிகின்றன. வைக்கோலும் உமியும் கலந்து மிதித்துப் பதப்படுத்திய பிசுபிசுப்பான களிமண்ணோ குண்டை விழுங்கிவிடுகிறது. குண்டின் வேகம் மண்ணுக்குள்ளேயே தணிகிறது. சுவரில் ஒரு குழிதான் மிச்சம். இரவோடு இரவாக நான்கு கூடை மண் கொட்டினால் அந்தக் குழியும் இல்லை. கல் கோட்டையைப் பழுது பார்க்கத் தச்சரும் கொத்தரும் வேண்டும். மண் கோட்டைக்கு ஊரார் கை போதும்.

ஆனால் மண் கோட்டைக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது வாழ்கிறவர் கையை நம்பியே நிற்கிறது. ஆண்டுதோறும் மழைக்குப் பின் பூசாவிட்டால் கரைந்து போகும். வென்றவர்கள் பாளையக்காரரின் கோட்டைகளை இடிக்க ஆணையிட்டார்கள். 1801 டிசம்பரில் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை மக்கள் ஆயுதம் வைத்திருப்பதையும் தடுத்தது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் செய்தி. அங்கே யாரையும் மீண்டும் உட்கார விடக்கூடாது என்பதே நோக்கம். பாளையங்கோட்டையின் கதையும் பாஞ்சாலங்குறிச்சியின் கதையும் ஒரே போரின் இரு பக்கங்கள்: வென்றவனின் காவலிடத்துக்குக் குடியிருக்க ஆள் கிடைத்தது, தோற்றவனின் கோட்டைக்கு அந்த வாய்ப்பே மறுக்கப்பட்டது. எது நிலைக்கிறது என்பதைக் கல்லின் உறுதி மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தப் பையன் சிமெண்டைத் தொட்டுக் கேட்ட கேள்விக்கு இதுவே என் முழு விடை. அன்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவன் பின்னாளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலரைப் போலக் கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போனான். போன புதிதில் எனக்கு ஒரு கடிதம் எழுதினான். "ஸார், நான் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் தங்கியிருக்கிறேன். எல்லாரும் கோட்டை, கோட்டை என்கிறார்கள். ஒரு மதிலையும் காணோம்" என்று. அவன் கேள்வி மாறவே இல்லை! நான் பதில் எழுதினேன்: கொழும்பில் போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் கட்டிக் காத்த கோட்டை உண்மையாகவே இருந்தது, 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலேயர் மதிலை இடித்துத் துறைமுகத்துக்கும் கடைவீதிக்கும் இடம் செய்தார்கள், பெயரை மட்டும் இடிக்க முடியவில்லை, என்று.

யாழ்ப்பாணத்துக் கோட்டை வேறு வகை. போர்த்துக்கீசியர் தொடங்கி, 1658-இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐந்து முனைகளோடு திருத்திக் கட்டிய கோட்டை அது. அதனுள்ளே 1706-இல் கட்டிய தேவாலயம் ஒன்றும் இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் சிறையும் அதிகாரிகளின் மாளிகையுமாகப் பயன்பட்ட அந்தக் கோட்டை, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் போர்க்கோட்டையாயிற்று. 1990-ஆம் ஆண்டு முற்றுகையின்போது மக்கள் மட்டுமல்ல, அந்தத் தேவாலயமும் அழிந்தது. 2009-இல் போர் முடிந்தபின் மதில்களைச் செப்பனிட்டார்கள். பழைய கோட்டை எப்போதும் அமைதியான காட்சிப் பொருளாகிவிடும் என்று நம்பி இருக்க முடியாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

குடியிருக்க வந்தவர் கட்டடத்தைக் காக்கிறார் என்றேன். அதே ஆள் அதை மறைக்கவும் செய்கிறார். இதையும் சொல்லாவிட்டால் நான் பாதி உண்மை சொன்னவனாவேன். அலுவலகம் ஒன்று பழைய வாயிலில் புகுந்தால், வளைவை அடைத்துச் சுவர் எழுப்புகிறது. கொத்தளத்தில் கழிப்பிடம் கட்டுகிறது. கல்லின்மேல் பத்து அடுக்குச் சுண்ணாம்பும் அதன்மேல் எண்ணெய்ப் பெயிண்டும் ஏறுகின்றன. மூன்று தலைமுறை கழித்து, அந்தக் கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டது என்று உள்ளே வேலை பார்ப்பவருக்கே தெரிவதில்லை. நான் கண்ட காவலர் தெரிந்து வைத்திருந்தார். அது என் நல்லூழ்.

வேலூர்க் கோட்டை இதில் ஒரு பெரிய பாடம். 1806 ஜூலை 10-ஆம் நாள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த அந்தக் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் இருக்கிறது. படைக்காலத்தில் அந்தக் கோயில் ஆயுதக் கிடங்காக இருந்தது. படை நீங்கிய பிறகும் நெடுநாள் வழிபாடின்றி நின்று, 1981-இல்தான் மீண்டும் திருவுருவம் வைத்து வழிபாடு தொடங்கியது. கிடங்காக இருந்ததால் அந்த மண்டபத்தின் சிற்பங்கள் மறைந்து போகவில்லை. ஆனால் அது கோயில் என்பதும் ஏறக்குறைய மறந்து போயிற்று. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் 1620-இல் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டையை அவர்கள் 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். பிறகு அது பயணியர் விடுதியாக 1978 வரை இருந்தது. அதன்பின் தொல்லியல் துறை அதை அருங்காட்சியகமாக்கியது. விடுதியாக இருந்த காலத்தில் கடலோரக் கோட்டையில் இரவு உறங்கி எழுந்தவர்கள் பாக்கியசாலிகள். ஆனால் பள்ளிப் பிள்ளை உள்ளே நுழைய முடிந்திராது. இன்று சீட்டு வாங்கி யாரும் போகலாம். கன்னியாகுமரி மாவட்டத்து உதயகிரிக் கோட்டையை வனத்துறை உயிரினப் பூங்காவாக வைத்திருக்கிறது. 1741-இல் குளச்சலில் சிறைப்பட்டு, பின் திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவனான டிலனாய் என்பவரின் கல்லறை அதனுள்ளே இருக்கிறது. மான் பார்க்கப் போகிற பிள்ளைகள் அதையும் பார்த்துவிட்டு வரலாம்.

பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று சிமெண்டு பூசுவதைப் பற்றி ஒரு சொல். இது உங்களுள் கட்டடப் பொறியியல் படிக்கப் போகிறவர்களுக்கு. பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் ஆனவை. எங்கள் கடற்கரையில் சிப்பி சுட்ட சுண்ணாம்பு. அதோடு கடுக்காய் ஊறலும் கருப்பட்டிப் பாகும் சேர்த்து அரைப்பார்கள். இந்தச் சாந்து காற்றிலுள்ள கரிவளியை உறிஞ்சிப் பல ஆண்டுகளாக மெல்ல மெல்லக் கல்லாகிறது. அதில் நுண்ணிய துளைகள் உண்டு. சுவருக்குள் ஏறும் ஈரம் அந்தத் துளைகள் வழியே வெளியேறிவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. உள்ளே நின்ற நீரோடு உப்பும் நிற்கிறது. உலரும்போது உப்பு படிகமாகி விரிந்து கல்லையும் செங்கல்லையும் உள்ளிருந்தே பொடியாக்குகிறது. வெளியே பார்த்தால் சுவர் புதுமையாய் இருக்கும். தட்டினால் 'தொப் தொப்' என்று ஒலிக்கும். உப்புக்காற்று வீசும் எங்கள் ஊர்ப் பக்கத்தில் இது விரைவாக நடக்கிறது. இன்னொரு பகை, பறவை எச்சத்தில் விழுந்து முளைக்கும் ஆலும் அரசும். விரல் பருமனில் இருக்கும்போது பிடுங்கினால் ஒரு நிமிட வேலை. பத்து ஆண்டு விட்டுவிட்டால் வேர் சுவரைப் பிடித்துக்கொள்ளும். அப்போது மரத்தைப் பிடுங்கினால் சுவரும் கூட வரும்.

இவ்வளவும் தெரிந்து வைத்திருந்த நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். எங்கள் கடற்கரைப் பக்கத்தில் ஓர் ஊரில், பெயர் வேண்டாம், சிறிய பழைய காவற்சாவடி ஒன்று இருந்தது. இரண்டு அறை, நடுவில் ஒரு வழி, முன்னே கல் திண்ணை. சுவர் இரண்டரை அடிப் பருமன். கடலை நோக்கிக் குறுகலான துளைகள். உப்புச் சாக்குகள் அடுக்கி வைக்கும் கிடங்காக அது சில காலம் பயன்பட்டது. பிறகு பூட்டிக் கிடந்தது. நான் வாரத்துக்கு ஒருமுறை அந்த வழியே பஸ்ஸில் போவேன். கூரையில் ஓர் அரசங்கன்று முளைத்ததைப் பார்த்தேன். மனு எழுதித் தாலுகா அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். முதல் ஆண்டு பரீட்சை வேலை; இரண்டாம் ஆண்டு மகள் கல்யாணம்; மூன்றாம் ஆண்டு ஐப்பசி மழையில் ஒரு பக்கக் கூரை இறங்கிவிட்டது. கூரை போன பிறகு அது அறை அல்ல, சுவர். சுவருக்கு என்ன நேரும் என்று முன்னமே சொன்னேன். ஆறு மாதத்தில் கற்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. எடுத்துப் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வீடு கட்டுகிறவன் முன் கேட்பாரற்றுக் கிடக்கும் கல், அவனுக்குக் கல்தான்.

ஓய்வு பெற்றபின் ஒரு நாள் அவ்வூருக்குப் போய் விசாரித்தேன். ஒரு மூதாட்டியார் தம் வீட்டு வாயிற்படியைக் காட்டினார்கள். நீண்ட கருங்கல், ஒரு மூலையில் உள்ளங்கை அளவு வட்டக் குழி, தேய்ந்து வழவழப்பாக இருந்தது. கதவின் குடுமி நின்று சுழன்ற குழி அது. எத்தனை ஆண்டு எத்தனை காவலர் அந்தக் கதவைத் திறந்து மூடினார்களோ! "இது என்ன குழின்னு தெரியுமா, ஆச்சி?" என்று கேட்டேன். "தெரியாது ஐயா. ஆனா வசதியாத்தான் இருக்கு" என்றார்கள். குழியில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். இரண்டு கோழிக்குஞ்சுகள் குடித்துக்கொண்டிருந்தன.